டி டிரைவ் முழுவதையும் விலக்கிவிட்டேன், இனி என்ன செய்வது?

கேள்வி: ஐயா, சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பெரிய உற்பத்தி நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. கணினி, லேப்டாப், சர்வர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 22,000 எங்கள் பொறுப்பில் இருக்கின்றன. டெஸ்க்டாப் சப்போர்ட்டில் தொடங்கி ஒன்பது வருடங்கள் ஆகின்றன. சென்ற ஆண்டு சீனியர் எண்ட்பாயின்ட் செக்யூரிட்டி இன்ஜினியர் ஆனேன். பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. சென்ற மாதக் கடைசியில் பக்கத்தில் உள்ள எங்கள் ஆலை ஒன்றின் டிஸ்பேட்ச் பிரிவில் பில் போடும் மென்பொருள் நகரவே இல்லை. சரக்கு ஏற்றிய லாரிகள் வாசலில் வரிசையாக நின்றன. ஆன்ட்டிவைரஸ்தான் காரணம் என்று ஆலைத் தலைவர் சொல்ல, அந்தப் பிரிவின் எல்லாக் கணினிகளிலும் டி டிரைவ் முழுவதையும் ஸ்கேனிலிருந்து விலக்கச் சொன்னார் என் மேலாளர். விலக்கினேன். லாரிகள் கிளம்பிவிட்டன. இப்போது அதை எடுத்துவிடலாமா என்று கேட்டால், “நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, தொடாதே” என்கிறார். எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. இப்படிக் கேட்பவர்களிடம் எப்படி மறுப்பது? சீனியர் என்றால் உண்மையில் என்ன வேலை? பெங்களூருவுக்குப் போனால்தான் வளர முடியும் என்கிறார்கள். மகன் யு.கே.ஜி. படிக்கிறான். மாமனாரும் மாமியாரும் எங்களுடன் இருக்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

அன்று மாலை நீங்கள் செய்ததில் குற்றமில்லை. மாதக் கடைசியில் சரக்கு வெளியே போகாவிட்டால் ஆலைக்கு என்ன நஷ்டம் என்பது அந்த வாசலில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். அந்த நெருக்கடியில் கதவைத் திறந்துவிட்டு வேலையை நடக்கவிட்டது சரியான முடிவு. திறந்த கதவு மறுநாளும் அதற்கடுத்த வாரமும் திறந்தே கிடப்பதுதான் தவறு. அதை மூடுகிற வேலைக்குத்தான் உங்களுக்குச் சீனியர் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் இந்த விலக்கு விஷயத்திலேயே பதில் இருக்கிறது. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். “ஆன்ட்டிவைரஸ்தான் மெதுவாக்குகிறது” என்பது பாதி உண்மை. எந்தக் கோப்பை, எந்த நிரல் தொடும்போது, எத்தனை முறை ஸ்கேன் செய்கிறது என்பதுதான் மீதிப் பாதி. அந்தப் பாதியை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் விண்டோஸ் டிஃபெண்டர் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதனோடு பெர்ஃபார்மன்ஸ் அனலைசர் என்ற கருவி வருகிறது. விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் பதிவைத் தொடங்கிவிட்டு, டிஸ்பேட்ச் ஊழியர் ஒருவரை வழக்கம்போல் நாலைந்து பில் போடச் சொல்லுங்கள். பிறகு பதிவை நிறுத்திப் பாருங்கள். ஸ்கேனுக்கு அதிக நேரம் பிடித்த கோப்புகள், கோப்புறைகள், நிரல்கள் எவை என்று வரிசைப்படுத்திக் காட்டிவிடும். வேறு நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் என்றால் எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று காட்டும் பிராசஸ் மானிட்டரை ஓட்டிப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட பழைய பில்லிங் மென்பொருள்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். ஒவ்வொரு பில்லுக்கும் அது பெரிய தரவுத்தளக் கோப்பு ஒன்றைத் திறந்து, எழுதி, மூடும். கூடவே தற்காலிகக் கோப்புகளை உருவாக்கி உடனே அழிக்கும். மாறிய கோப்பை ஒவ்வொரு முறையும் ஆன்ட்டிவைரஸ் முதலிலிருந்து பார்க்கிறது. உங்கள் ஆலையிலும் இதுவாக இருந்தால், விலக்க வேண்டியது அந்த ஒரு நிரல் திறக்கும் அந்த ஒரு வகைக் கோப்பு, அது இருக்கும் அந்த ஒரு கோப்புறையில் மட்டும். டிஃபெண்டரில் ஒரு நிரலின் பெயரால் விலக்கு கொடுத்தால், அந்த நிரல் திறக்கும் கோப்புகள்தான் உடனடி ஸ்கேனிலிருந்து தப்பும். அந்த நிரலே தீங்கானதா என்ற சோதனை தொடர்ந்து நடக்கும். நிரலின் பெயரை மட்டும் எழுதாமல் முழுப் பாதையையும் எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதினால், அதே பெயரை வைத்துக்கொண்டு வேறு எந்த நிரல் வந்தாலும் சலுகை கிடைத்துவிடும்.

டி டிரைவ் முழுவதும் என்பது ஏன் இவ்வளவு ஆபத்து? அதன் அளவைவிட, அங்கே யார் எழுதலாம் என்பதைப் பாருங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் எதையாவது வைக்க அட்மின் உரிமை வேண்டும். டி டிரைவில் எந்தச் சாதாரண ஊழியரும் வைக்கலாம். பென்டிரைவில் வந்தவை, மின்னஞ்சலில் வந்த இன்வாய்ஸ், வாட்ஸ்அப்பில் வந்து இறங்கிய ஜிப் கோப்பு எல்லாம் ஆலைக் கணினிகளில் போய்ச் சேருவது டி டிரைவுக்குத்தான். சாதாரண ஊழியர் எழுதக்கூடிய இடத்தை விலக்குவது போன்ற ஆபத்தான விலக்கு வேறில்லை. எல்லாக் கணினிகளின் பாதுகாப்பையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் உங்கள் கன்சோலில் இருக்கும் விலக்குகள் முழுவதையும் இந்த ஒரு கண்ணோடு பாருங்கள், எதை முதலில் எடுப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

விலக்குப் பட்டியலைத் தாக்குபவர்கள் தேடிப் படிக்கிறார்கள் என்பதையும் உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள். 2022 தொடக்கம் வரை விண்டோஸ் 10 கணினிகளில் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலை அட்மின் உரிமை இல்லாத பயனரும் விண்டோஸின் அமைப்புகள் பதியப்படும் ரெஜிஸ்ட்ரியில் படிக்க முடிந்தது. அதன்பிறகுதான் மைக்ரோசாஃப்ட் அதை மூடியது. அட்மின் உரிமையைக் கைப்பற்றியவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள், தாங்களே விலக்கு சேர்த்தும் விடுகிறார்கள். டிஃபெண்டரின் அமைப்பு மாறும்போதெல்லாம் 5007 என்ற எண்ணில் ஒரு நிகழ்வு பதிவாகிறது. உங்கள் குழு செய்யாத விலக்கு ஒன்று எங்காவது முளைத்தால் உடனே உங்களுக்கு எச்சரிக்கை வர வேண்டும். இந்த விதியை எழுத அரை நாள்கூட ஆகாது. அப்படி ஒரு விதி இன்னும் இல்லையென்றால் இந்த வாரமே எழுதிவிடுங்கள்.

ஆலைத் தலைவர் போன்றவர்களுக்குப் புரிய வைக்க ஓர் உண்மைச் சம்பவம் தேவைப்பட்டால், 2021 ஜூலை 2-ஆம் தேதி நடந்த கசேயா தாக்குதலைச் சொல்லுங்கள். வெளியாரின் கணினிகளைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கப் பயன்படும் மென்பொருளை விற்கும் நிறுவனம் கசேயா. அந்த மென்பொருள் ஒவ்வொரு கணினியிலும் வைக்கும் ஏஜென்ட் என்ற சிறு நிரல் சரியாக ஓட, அது பயன்படுத்தும் கோப்புறையை ஆன்ட்டிவைரஸ் ஸ்கேனிலிருந்து விலக்கும்படி அந்த நிறுவனமே பரிந்துரைத்திருந்தது. பலரும் விலக்கியிருந்தார்கள். ரெவில் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) கும்பல் அந்த மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்து, தன் நிரலை அதே கோப்புறையில்தான் கொண்டுவந்து வைத்தது. 1,500 நிறுவனங்கள் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கசேயாவே சொன்னது. சுவீடனில் கூப் என்ற பேரங்காடிக்காரர்கள் பில் போடும் இயந்திரங்கள் ஓடாமல் நூற்றுக்கணக்கான கடைகளை மூடினார்கள். அவர்களுக்கும் நின்றது பில்தான். இதை உங்கள் ஆலைத் தலைவர் நிச்சயம் புரிந்துகொள்வார்.

இனி, மறுப்பது எப்படி என்ற கேள்வி. மறுக்க வேண்டாம். அளந்து கொடுங்கள். நம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கு வெள்ளி கொடுப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாருக்கு, எவ்வளவு எடை, என்றைக்கு என்று எழுதித்தான் கொடுப்பார்கள். திரும்பி வரும்போது எடை போட்டு, சேதாரத்தைக் கழித்துக் கணக்கை நேர் செய்வார்கள். பட்டறைக்காரரை நம்பாததால் அல்ல, நம்பித்தான் கொடுக்கிறார்கள். ஆனாலும் எழுதாமல் ஒரு கிராம் வெளியே போகாது. விலக்குக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும். எந்தக் கணினிகளுக்கு, எந்தப் பாதைக்கு, என்ன காரணத்துக்கு, கேட்டவர் யார், முடியும் தேதி எது என்று எழுதுங்கள். முடியும் தேதி இல்லாத விலக்கை உங்கள் கையால் இனி போடாதீர்கள். நெருக்கடி நேரத்தில் ஏழு நாள், ஆராய்ந்து பார்த்துச் சுருக்கிய பிறகு தொண்ணூறு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். தேதி வந்ததும் டிக்கெட் தானாகத் திறந்து, கேட்டவருக்கே போக வேண்டும். தேவை என்றால் அவரே நீட்டிக்கட்டும்.

கையெழுத்து யாருடையது என்பது இதில் மிக முக்கியம். அந்த ஆபத்தால் நஷ்டப்படப் போகிறவர் யாரோ அவர்தான் ஒப்புதல் தர வேண்டும். டிஸ்பேட்ச் நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் ஆலைத் தலைவர். ரான்சம்வேர் வந்து அதே டிஸ்பேட்ச் பத்து நாள் நின்றாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவர் ஏற்கும் ஆபத்தை நீங்கள் உங்கள் தலையில் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். மேலாளருக்கும் ஆலைத் தலைவருக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். இந்த அளவுக்குப் போதும்:

“சென்ற மாதம் 30-ஆம் தேதி டிஸ்பேட்ச் பிரிவுக் கணினிகளில் டி டிரைவ் முழுவதும் ஸ்கேனிலிருந்து விலக்கப்பட்டது. பில்லிங் மென்பொருளின் தரவுக் கோப்புறையை மட்டும் விலக்கினாலே போதும் என்று சோதனையில் தெரிகிறது. புதன்கிழமை காலை இரண்டு கணினிகளில் இதைச் செய்து பார்க்கிறோம். வேகம் குறையவில்லை என்றால் வெள்ளிக்குள் மற்றவற்றிலும் மாற்றிவிடுவோம். குறைந்தால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவோம். முழு விலக்கே தொடர வேண்டும் என்று கருதினால், அதற்கான ஒப்புதலை முடியும் தேதியோடு இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்புங்கள்.”

இதில் குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதிகள் உங்களுடையவையாக இருக்கட்டும். மாதக் கடைசி வாரத்தில் மட்டும் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்தக் கணக்கு தேவை. சைபர் சம்பவங்களைத் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-ஆம் தேதியிட்ட உத்தரவு. அந்த ஆறு மணி நேரத்தில் “அந்தக் கணினிகளில் ஏன் ஸ்கேன் நடக்கவில்லை” என்று கேட்பார்கள். அப்போது பழைய வாட்ஸ்அப் உரையாடல்களைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது.

சீனியரின் வேலை இதோடு முடியவில்லை. எல்லாக் கணினியிலும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் வரைக்கும் இறங்கி ஓடும் ஒரு மென்பொருளின் கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்கிறது. தாக்குபவன் வராமலேயே 22,000 கணினிகளின் வேலையை உங்களால் நிறுத்திவிட முடியும். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் காலை 9.39-க்குக் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு சிறிய தரவுக் கோப்பை அனுப்பியது. தகவல் புலங்கள் 21 என்று ஓரிடத்தில் வரையறுத்திருந்தார்கள், நிரல் கொடுத்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடப்போன கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஏஜென்டை ஒரு பதிப்பு பின்னால் வைத்திருந்த எச்சரிக்கையான நிறுவனங்களும் தப்பவில்லை. காரணம், அந்த ஏற்பாடு ஏஜென்டின் பதிப்புக்குத்தான் பொருந்தியது, தினசரித் தரவுக் கோப்புக்கு அல்ல. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் தரவுக் கோப்புகளையும் படிப்படியாக வாங்கிக்கொள்ளும் வசதியை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தார்கள்.

உங்கள் மென்பொருளில் எதெல்லாம் உங்களைக் கேட்காமல் வந்து இறங்குகிறது என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு மாற்றங்களைப் படிப்படியாக அனுப்பும் வரிசையைத் திருத்துங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் முதல் படியில் ஐ.டி. துறையின் லேப்டாப்புகள் மட்டும் இருக்கும். எல்லாம் புதியவை, எல்லாம் ஒரே மாதிரி, அங்கே எதுவும் உடையாது. ஒவ்வோர் ஆலையிலிருந்தும், கணக்குப் பிரிவிலிருந்தும், அந்த டிஸ்பேட்ச் பிரிவிலிருந்தும் ஒரு கணினியாவது ஆரம்பப் படியில் இருக்க வேண்டும்.

மீட்பையும் ஒரு முறை ஒத்திகை பாருங்கள். உங்கள் ஊழியர் ஒருவர் ஏற்காட்டில் இருந்து வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி எழவில்லை. வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவியைக் கேட்கிறது. சாவி வைத்திருக்கும் சர்வரும் அதே கோளாறில் விழுந்துவிட்டால் எங்கிருந்து எடுப்பீர்கள்? எடுத்துவிட்டாலும், சிக்னல் வந்து வந்து போகும் தொலைபேசியில் 48 இலக்கங்களை யார் படித்துச் சொல்வது? பேசுபவர் உங்கள் ஊழியர்தான் என்று எப்படி உறுதி செய்வீர்கள்? அவர் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி எந்த அலுவலகத்துக்கு வர வேண்டும்? ஒரு நாள் மதியம் உட்கார்ந்து இதை நடத்திப் பார்த்தால் ஓட்டைகள் எல்லாம் வெளியே வந்துவிடும்.

ஆலை என்பதால் இதையும் சொல்கிறேன். தரச் சோதனைக் கூடங்களில் அளவிடும் இயந்திரத்தோடு வந்த விண்டோஸ் 7 கணினிகள் உங்களிடமும் இருக்கும். அதற்கான வழக்கமான ஆதரவு 2020 ஜனவரி 14-இலேயே முடிந்துவிட்டது. ஏஜென்ட் போட்டால் உத்தரவாதம் போய்விடும் என்பார் இயந்திரம் விற்றவர். அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. அந்தக் கணினியைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து வையுங்கள். இணையத்தை வெட்டுங்கள். குறிப்பிட்ட நிரல்களைத் தவிர வேறெதுவும் ஓடாதபடி பூட்ட முடியுமா என்று பாருங்கள். அங்கே நுழையும் பென்டிரைவ், சர்வீஸ் இன்ஜினியரின் லேப்டாப் எல்லாவற்றையும் வாசலிலேயே ஸ்கேன் செய்ய ஆள் வையுங்கள். வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகை உலுக்கியது 2017 மே மாதம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஆனால் 2018 ஆகஸ்டில், தைவானின் மிகப்பெரிய சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி அதே வானாக்ரையின் ஒரு வகையால் ஆலைகளை நிறுத்த நேர்ந்தது. ஸ்கேன் செய்யாமல் உள்ளே இணைத்த ஒரு புதிய கருவியிலிருந்து அது பரவியது.

கணினிகளின் எண்ணிக்கை விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. மாதாந்திரக் கூட்டத்தில் “98 சதவீதம் பாதுகாப்பில் உள்ளன” என்று பச்சை நிறத்தில் ஒரு வட்டம் காட்டுவார்கள். எதில் 98 சதவீதம் என்று யாரும் கேட்பதில்லை. ஏஜென்ட் கன்சோல் தனக்குத் தெரிந்த கணினிகளைத்தான் எண்ணும், ஏஜென்டே இல்லாத கணினி அதன் கணக்கில் வராது. நிறுவனத்தின் கணினிகளையும் பயனர்களையும் பதிந்து வைக்கும் ஆக்டிவ் டைரக்டரியின் பட்டியல், நெட்வொர்க்கில் முகவரி வாங்கிய கருவிகளின் பட்டியல், கன்சோல் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருபோதும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத வரிகள்தான் உங்கள் உண்மையான வேலைப் பட்டியல். 2025-இல் வெளியான ஒரு விசாரணையில், அகிரா என்ற ரான்சம்வேர் கும்பலின் நிரலை விண்டோஸ் கணினியில் ஈ.டி.ஆர். (கணினியில் நடப்பதைக் கண்காணித்துத் தாக்குதலைத் தடுக்கும் மென்பொருள்) தடுத்துவிட்டது. அவர்கள் அதே நெட்வொர்க்கில் இருந்த லினக்ஸ் இணையக் கேமரா ஒன்றுக்குள் புகுந்து, அங்கிருந்தே எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள். கேமராவில் ஏஜென்ட் கிடையாது, அதனால் அது எந்தச் சதவீதத்திலும் இல்லை. மேலாளருக்கு இந்த வித்தியாசத்தை முதலில் தனியாகக் காட்டுங்கள். கூட்டத்தில் எல்லோர் முன்னும் காட்டினால் அவர் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடுவார்.

கடைசியாக, பெங்களூரு. இந்தத் துறையின் பெரிய குழுக்கள் அங்கேயும் சென்னையிலும்தான் இருக்கின்றன என்பது உண்மை. சேலத்தில் ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐ.டி. வளாகம் இருந்தாலும், இவ்வளவு பெரிய கணினிக் கூட்டத்தைக் காக்கும் பணி உள்ளூரில் கிடைப்பது இன்னும் அரிது. ஆனால் உங்களிடம் இப்போதே 22,000 கணினிகள் இருக்கின்றன. பக்கத்திலேயே ஆலை இருக்கிறது. லாரி நின்ற வாசலுக்குப் போய், பில் போடும் ஊழியரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்க உங்களால் முடியும். பெங்களூருவில் கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது. இன்னும் ஓராண்டு இங்கேயே இருந்து, மேலே சொன்ன விலக்குக் கணக்கையும் படிப்படியான வெளியீட்டையும் நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. கூடவே பதிவேடுகளில் தேடப் பயன்படும் கே.கியூ.எல். மொழியில் கேள்வி எழுதவும், மேக், லினக்ஸ் கணினிகளின் உள் இயக்கத்தைப் புரிந்துகொள்ளவும் நேரம் ஒதுக்குங்கள். சான்றிதழ்கள் அதற்குப் பிறகு போதும். மகனுக்குப் பள்ளி மாற்றும் பேச்சையும் அதுவரை தள்ளி வைக்கலாம், பெரியவர்களுக்கும் நிம்மதி.

ஓராண்டுக்குப் பிறகும் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் வராத இடமாகவே உங்கள் நிறுவனம் இருந்தால், தயங்காமல் வேறு வேலை தேடுங்கள். அப்போது நேர்காணலில் அவர்கள் கேட்டு முடித்ததும் நீங்களும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இங்கே விலக்குகளுக்கு ஒப்புதல் தருபவர் யார்? கடைசியாக ஒரு விலக்கு தேதி முடிந்து நீக்கப்பட்டது எப்போது?